முதலிடம் இந்தியானாவுக்கு உரியதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தரவரிசை பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரையாளர் வந்து சேர்ந்த முடிவை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இந்தியானா பல்கலைக்கழக அணி லேசான எதிரிகளை வீழ்த்தியே மேலே வந்தது, 2025 டிசம்பர் 6ஆம் தேதி ராத்திரி ஓஹையோ ஸ்டேட் ஒரு உதையைத் தவறவிட்டதால்தான் அதற்கு முதலிடம் கிடைத்தது, நியாயமாகப் பார்த்தால் அந்த இடம் ஓஹையோ ஸ்டேட்டுக்கோ ஜார்ஜியாவுக்கோ போயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றுமே சரியில்லை.

நான் குடியிருப்பது இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டனில். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஆய்வக வேலை. மகனும் அங்கேதான் படிக்கிறான். எனவே எனக்குப் பற்று உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் சொல்ல வருவதற்குப் பற்று தேவையே இல்லை. ஆட்ட முடிவுகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் போதும்.

முதலில் அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இண்டியானாபொலிஸின் லூக்கஸ் ஆயில் அரங்கில், பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) இறுதிப் போட்டி. ஓஹையோ ஸ்டேட் நடப்புத் தேசியச் சாம்பியன், 12 ஆட்டமும் ஜெயித்த அணி, செப்டம்பர் தொடக்கத்தில் ஏறிய முதலிடத்தை விட்டு இறங்காத அணி. இந்தியானாவும் 12 ஆட்டமும் ஜெயித்து இரண்டாம் இடத்தில் இருந்தது. முதல் இரண்டு இடத்து அணிகள், இரண்டும் தோற்காதவை, இருவருக்கும் சொந்தமில்லாத மைதானம். யார் பெரியவர் என்று பார்க்க இதைவிட நேரான ஏற்பாடு கிடையாது. நானும் மகனும் மேலடுக்கில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு அணிக்கும் சிவப்புதான் நிறம். பக்கத்தில் இருப்பவர் எந்தக் கட்சி என்பது ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து கத்தும்போதுதான் தெரிந்தது.

முடிவு 13-10. மூன்று புள்ளி வித்தியாசம், அதுவும் ஓஹையோ ஸ்டேட்டின் 27 கெஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) கடைசி மூன்று நிமிடத்துக்குள் பக்கவாட்டில் போனதால் கிடைத்தது என்று கட்டுரை சொல்கிறது. அந்த உதை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 13-13. சமன்தான், தோல்வி இல்லை. அப்புறம் இந்தியானா கைக்குத்தான் பந்து வந்திருக்கும். கட்டுரையாளர் இதைச் சொல்லவே இல்லை.

அவர் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. மூன்றாவது கால்பகுதியின் கடைசியில் ஓஹையோ ஸ்டேட் இந்தியானாவின் கோல் கோட்டுக்குச் சில கெஜம் முன்னால் வந்து நின்றது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும்; இது நான்காவது முயற்சி, தேவை ஒரே ஒரு கெஜம். மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம், பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச் டவுனோடு வரும் ஏழுக்கு ஆசைப்பட்டார்கள். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின், பந்தோடு முன்வரிசைக்குள் முட்டிப் பாய்ந்தார். நடுவர்கள் முதலில் கிடைத்துவிட்டது என்றுதான் அறிவித்தார்கள். பிறகு பெரிய திரையில் மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். பந்து போதுமான தூரம் போகும் முன்பே சேயினின் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது. தீர்ப்பு மாறியது. அந்த ஒரு கெஜத்தைத் தடுத்தது யார்? இந்தியானாவின் தடுப்பு வரிசை. சேயினை ராத்திரி முழுக்கத் துரத்தித் துரத்திச் சாய்த்ததும் அதே வரிசைதான். நாடு முழுக்கப் பயந்த ஒரு தாக்குதல் அணியை 10 புள்ளியில் நிறுத்தி வைத்தார்களே, அதற்கும் அதிர்ஷ்டம் என்றுதான் பெயரா?

அந்த உதை தவறிய பிறகும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. இந்தியானாவிடம் பந்து, ஆனால் முதல் இரண்டு முயற்சியில் பெரிதாக எதுவும் நகரவில்லை. மூன்றாவது முயற்சியும் வீணானால் ஓஹையோ ஸ்டேட்டுக்கு இன்னொரு வாய்ப்பு வந்துவிடும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் பத்திரமாக ஓட விட்டு நேரத்தைக் கரைப்பார்கள். இந்தியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வீசச் சொன்னார். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோஸா 33 கெஜம் தள்ளி சார்லி பெக்கரிடம் கொண்டு சேர்த்தார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பலமான அடி வாங்கி வெளியே போய்த் திரும்பி வந்த பையன் மெண்டோஸா. ஒரு வாரம் கழித்து நியூயார்க்கில், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்குத்தான் கொடுத்தார்கள். இந்தியானா வீரர் ஒருவர் அதை வாங்குவது இதுவே முதல் முறை.

சரி, எதிரிகள் லேசானவர்கள் என்ற புகாருக்கு வருகிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. பருவத்தின் முதல் மூன்று ஆட்டம் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட் ஆகிய அணிகளோடு. மூன்றாவது ஆட்டம் 73-0. அதைப் பார்ப்பதில் எனக்கே சந்தோஷம் இல்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஒரு பலமான அணியோடு மோதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. பல்கலைக்கழகம் வரும் ஆண்டுகளில் அதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் முதலிடம் அந்த மூன்று ஆட்டத்துக்காகக் கிடைக்கவில்லையே.

நான்காவது ஆட்டத்தில் அப்போது ஒன்பதாம் இடத்தில் இருந்த இல்லினாய் வந்தது: 63-10. அக்டோபர் 11ஆம் தேதி மூன்றாம் இடத்து ஆரிகனோடு அதன் சொந்த ஊர் யூஜீனில்: 30-20. இந்த ஆரிகன் ஆட்டத்தைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. அந்த மைதானத்தில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்காமல் இருந்தவர்கள் அவர்கள். கடைசிக் கால்பகுதியில் மெண்டோஸா வீசிய பந்தை ஆரிகன் வீரர் பறித்து நேராகக் கோல் கோடு வரைக்கும் ஓடி 20-20 ஆக்கினார். அரங்கமே அதிர்ந்தது. பழைய இந்தியானா அங்கேயே உட்கார்ந்திருக்கும். இந்த அணி அடுத்த முறை பந்து கிடைத்ததும் முழு மைதானத்தையும் நிதானமாகக் கடந்து எலைஜா சாரட்டுக்கு வீசி டச் டவுன் எடுத்தது. அதன் பிறகு ஆரிகனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பிளேஆஃபுக்கு முன் அந்த ஆரிகன் தோற்றது அந்த ஒரே ஆட்டத்தில்தான். டிசம்பர் 7ஆம் தேதி தேர்வுக்குழு வெளியிட்ட, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் பட்டியலில் அதற்கு ஐந்தாம் இடம். ஓஹையோ ஸ்டேட்டுக்கு இரண்டாம் இடம். இரண்டுக்கும் அதுவரை தலா ஒரே தோல்வி, இரண்டையும் கொடுத்தது இந்தியானா. ஒன்று எதிரியின் ஊரில், மற்றது பொதுவான மைதானத்தில். இப்படி ஒரு கணக்கை இந்தப் பருவத்தில் வேறு எந்த அணியாலும் காட்ட முடியாது.

ஜார்ஜியாவின் பேச்சு வந்ததால் அதையும் பார்த்துவிடலாம். நல்ல அணி, கான்ஃபரன்ஸ் இறுதியில் அலபாமாவை 28-7 என்று உருட்டியது. ஆனால் அதே அலபாமாவிடம் செப்டம்பரில் ஏத்தன்ஸில், சொந்த மைதானத்தில், 24-21 என்று தோற்றிருக்கிறது. அதோடு ஜார்ஜியா இருக்கும் எஸ்இசி கூட்டமைப்பில் இந்தப் பருவத்தில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டு. பிக் டென்னில் ஒன்பது. டெக்ஸஸ் டெக்குக்கும் ஒரு தோல்வி. பெரிய கான்ஃபரன்ஸ்களில் தோற்காமல் மிஞ்சியது இந்தியானா மட்டும்தான். தோற்காத ஒரே அணி, தன்னை எதிர்த்து நின்ற இரண்டு பெரிய அணிகளையும் சாய்த்த அணி. அதற்கு முதலிடம் இல்லை என்றால் வேறு யாருக்குத்தான் கொடுப்பது?

நெருக்கடியான வெற்றிகளும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அயோவாவில் 20-15, அதுவும் ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது சாரட் பிடித்த 49 கெஜ டச் டவுனால். நவம்பர் 8ஆம் தேதி பென் ஸ்டேட்டில் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்று, நடுப்பருவத்தில் பயிற்சியாளரையும் அனுப்பிவிட்ட அணி அது. அதனிடம் 24-20 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம், கடக்க வேண்டியது 80 கெஜம், முதல் முயற்சியிலேயே மெண்டோஸாவைச் சாய்த்துவிட்டார்கள். வீட்டில் டிவி முன்னால் என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். மீதி 36 வினாடி இருக்கும்போது மெண்டோஸா கோல் பகுதியின் பின்கோட்டைப் பார்த்து உயரமாக வீசினார். ஒமர் கூப்பர் எம்பிப் பிடித்தார். உடம்பு முழுக்க வெளியே விழுந்துகொண்டிருந்தது, கால்விரல் மட்டும் கோட்டுக்கு உள்ளே தரையில் பட்டது. மெதுவாக ஓட்டிக் காட்டிய படத்தில் பச்சைப் புல்லில் அந்தக் காலணி நுனி பதிவதை என் மகன் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினான். 27-24.

இந்த ஆட்டத்தை எடுத்துக்காட்டி, பார், இவ்வளவுதான் இந்த அணி என்கிறார்கள். நான் இதே ஆட்டத்தை வேறு விதமாகப் பார்க்கிறேன். நீண்ட பருவத்தில் எல்லா அணிக்கும் ஒரு சறுக்கலான நாள் வரும். ஜார்ஜியாவுக்கும் வந்தது, தோற்றது. டெக்ஸஸ் டெக்குக்கும் வந்தது, தோற்றது. இந்தியானாவுக்கு வந்த நாளில் ஜெயித்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம், அது சின்ன வித்தியாசம் இல்லை.

உண்மையில் இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது? பெயரிலிருந்து வருகிறது. அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 60க்கும் மேற்பட்ட விளையாட்டுச் செய்தியாளர்கள் வாரா வாரம் 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். முதல் இடத்துக்கு 25 புள்ளி, கடைசிக்கு ஒன்று, எல்லாவற்றையும் கூட்டி வருவதுதான் பட்டியல். 1936லிருந்து இந்தக் கணிப்பு நடக்கிறது. இதில் பெரிய கோளாறு, முதல் பட்டியல் ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே வந்துவிடுவது. இந்த ஆகஸ்டில் டெக்ஸஸ் முதலிடம், பென் ஸ்டேட் இரண்டாமிடம், இந்தியானா இருபதாமிடம். டெக்ஸஸ் மூன்று ஆட்டம் தோற்று, 12 அணி பிளேஆஃபுக்கே வரவில்லை. பென் ஸ்டேட்டின் கதையை மேலேயே சொன்னேன். பெரிய பெயருள்ள அணி ஆகஸ்டிலேயே மேல்படியில் உட்கார்ந்துகொள்கிறது. ஜெயித்தால் அங்கேயே இருக்கிறது, தோற்றால் நாலு படி இறங்குகிறது. சின்னப் பெயருள்ள அணி ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். பெரிய வீட்டுக்காரர் என்பதற்காகப் பந்தியில் முதல் இலையை ஒதுக்கி வைக்கிற பழக்கம்தான் இது.

இந்தியானாவின் பெயர் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இது கூடைப்பந்து ஊர். கால்பந்தில் 700 தோல்விகளைத் தாண்டிய அணி. 2024 பருவம் வரைக்கும் பெரிய அணிகளில் அதிகத் தோல்வி கண்டது இதுதான். 2024க்கு முன் ஒரு பருவத்தில் 10 வெற்றி பெற்றதே கிடையாது. 2022இல் 4 வெற்றி, 2023இல் 3. ஓஹையோ ஸ்டேட்டை ஜெயித்துப் பார்த்தது கடைசியாக 1988இல். அந்த ஆண்டுகளில் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வெளியே புல்வெளியில் கார்களை நிறுத்தி, அடுப்பு மூட்டி, சாப்பிட்டு, பாட்டுக் கேட்டுவிட்டு உள்ளே வராமலேயே வீட்டுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வந்தவர்களும் இடைவேளையில் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது கால்பகுதியில் வாத்தியக் குழு வாசிப்பது வெறும் இருக்கைகளில் பட்டுத் திரும்பி வரும்.

2023 கடைசியில் சிக்னெட்டி வந்தார். அலபாமாவில் நிக் சேபனிடம் உதவியாளராக இருந்துவிட்டு, யாரும் கவனிக்காத சிறிய கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக வருடக் கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தவர். எப்படி வீரர்களை நம்ப வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், கூகிளில் தேடிப் பாருங்கள் என்றார். அப்போது இங்கே நிறையப் பேர் சிரித்தார்கள். தன்னோடு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூட்டி வந்தார். சாரட், ஏடன் ஃபிஷர், டீஆஞ்சலோ பாண்ட்ஸ் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். பெரிய பல்கலைக்கழகங்கள் பள்ளி நாட்களில் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். மெண்டோஸாவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். பணம் கொடுத்து வாங்கிய அணி என்று கட்டுரை ஓர் இடத்தில் குத்துகிறது. 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. ஓஹையோ ஸ்டேட்டும் கொடுக்கிறது, ஜார்ஜியாவும் கொடுக்கிறது. இந்தியானா கொடுத்தால் மட்டும் அது குறையாகிவிடுமா?

பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் 1984 அணியோடு கட்டுரை ஒப்பிட்டிருப்பதும் பொருந்தாது. அந்த அணி 13 ஆட்டமும் ஜெயித்தது, கடைசி ஆட்டத்தில் அது சந்தித்த மிச்சிகன் அதற்குள் ஐந்து முறை தோற்றிருந்தது. ஒப்பந்தப்படி ஹாலிடே பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில்தான் ஆட வேண்டியிருந்ததால் அதைவிட நல்ல எதிரி கிடைக்கவும் வழி இல்லை. வாக்காளர்கள் சந்தேகத்தோடுதான் முதலிடம் கொடுத்தார்கள். அந்தச் சந்தேகத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இந்தியானா எதிர்கொண்டதோ முதலிடத்து அணியையே. 2017இல் மத்திய ஃபுளோரிடா தோற்காமலே முடித்தும், தேர்வுக்குழு அதைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தது. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்து, பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியனாகவும் ஆகி, குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலை உடைத்துக்கொண்டார் என்பதற்காகக் அப்போது நான்கே அணிகள் ஆடிய பிளேஆஃபில் இடமில்லாமல் நின்றது. அந்தப் பிள்ளைகள் அறிவிப்பைக் கேட்டு உறைந்து போய் உட்கார்ந்திருந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அடுத்து ஜார்ஜியாவிடம் அவர்கள் 63-3 என்று தோற்றதைக் காட்டி, குழு செய்தது சரி என்பவர்கள் உண்டு. அதற்குள் அந்த அணியின் பல முக்கிய வீரர்கள் ஆடாமல் விலகிப் போயிருந்தார்கள். ஜெயித்துக் காட்டியதை விட்டுவிட்டு, இனிமேல் ஜெயிப்பார்களா என்று ஆருடம் பார்த்து இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பத்து முறை ஆடினால் ஓஹையோ ஸ்டேட் எத்தனை முறை ஜெயிக்கும் என்ற கணக்கும் அதே ஆருடம்தான். ஆடியது ஒரு முறை. அதன் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன்பு, ஓஹையோ ஸ்டேட் ஜெயித்தால் முதலிடம் யாருக்கு என்று யாராவது கேட்டார்களா? மூன்று புள்ளியில் ஜெயித்திருந்தாலும் அது பெரிய அணிக்குரிய பதற்றமில்லாத வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரி 1ஆம் தேதி ரோஸ் பௌல் எனும் பிளேஆஃப் காலிறுதியில் இந்தியானா, ஓக்லஹோமா - அலபாமா ஆட்டத்தில் ஜெயிப்பவரைச் சந்திக்கிறது. தோற்கவும் கூடும். போன ஆண்டு முதல் சுற்றில் ஓய்வு கிடைத்த நான்கு அணிகளும் அடுத்த ஆட்டத்திலேயே தோற்றன; முதலிடத்தில் இருந்த ஆரிகனை அதே ரோஸ் பௌலில் எட்டாம் இடத்து ஓஹையோ ஸ்டேட் 41-21 என்று நசுக்கி, பிறகு கோப்பையையும் தூக்கியது. இந்த முறையும் அப்படி ஏதாவது நடந்தால், அன்றைக்குக் கட்டுரையாளர் எழுதுவதை நான் மறுக்கப் போவதில்லை; அன்றைய முதலிடம் அன்றைய ஆட்டத்தைப் பொறுத்தது. ஆனால் டிசம்பர் 7ஆம் தேதி தேர்வுக்குழுவினர் உட்கார்ந்து பார்த்தபோது அவர்கள் முன்னால் இருந்தது 13 ஆட்டம், 13 வெற்றி, ஆரிகன், ஓஹையோ ஸ்டேட். அதை வைத்து அவர்கள் எடுத்த முடிவு சரியான முடிவு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தரவரிசை பற்றி எழுதும்போது, அணிகளின் பெயருக்குப் பக்கத்தில் அவை யாரோடு, எந்த ஊரில், எத்தனைக்கு எத்தனை என்று ஆடிய முடிவுகளையும் ஒரு கட்டம் போட்டு அச்சிடுங்கள். இடம் பற்றாது என்றால் என் கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டு அந்தக் கட்டத்தைப் போட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புளூமிங்டன், இந்தியானா